கரைதல், காரம், ஏற்றம்: தமிழ்வழி வேதியியல் பாடமொழி குறித்த ஒரு திறனாய்வு
(கோலார் தங்கவயலை முன்வைத்து)

1. முன்னுரை

தமிழில் வேதியியலைக் கற்பிக்கும் முயற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் முன்னின்று உருவாக்கிய 'கெமிஸ்தம்' 1875-இல் வெளிவந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொல் ஆக்கத்துக்கெனச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொற் பட்டியல் 1938-இல் வெளிவந்தது. இலங்கையில் 1950-களில் அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-இல் அமைந்தபின் பள்ளிப் பாடநூல்களின் சொல்வழக்கு ஓரளவு நிலைபெற்றது.

இவ்வளவு நீண்ட வரலாற்றில் அறிஞர்களிடையே நிகழ்ந்த விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது. கலைச்சொல் வடமொழிச் சார்பாக இருக்கலாமா, தூய தமிழாக இருக்க வேண்டுமா, ஒலிபெயர்ப்பாக இருந்தால் போதுமா என்பதே அவ்வினா. இரசாயனமா வேதியியலா, பிராணவாயுவா உயிர்வளியா, ஆக்சிஜனா ஒட்சிசனா என்னும் வழக்குகள் யாவும் இதன் கிளைகளே. சொல்லின் பிறப்பை ஆராயும் இவ்விவாதம் பயனற்றது அன்று. ஆயினும் உயர்நிலைப் பள்ளி மாணவன் வேதியியலில் எங்கு இடறுகிறான் என்னும் வினாவுக்கு அதில் விடை இல்லை.

புதிய கலைச்சொல் மாணவனுக்குப் புதியது என்பது வெளிப்படை. ஆசிரியர் அதை நிறுத்தி விளக்குகிறார், மாணவனும் அதைக் கற்றுக்கொள்கிறான். இடர் தருவன ஏற்கெனவே தெரிந்தவை போலத் தோன்றும் சொற்களே. 'கரைதல்', 'காரம்', 'ஏற்றம்' ஆகிய மூன்றும் அத்தகையன. இவை தமிழ் வழக்கில் நன்கு ஊன்றியவை என்பதால் கலைச்சொல் விவாதத்தின் கண்ணிலிருந்து தப்பிவிட்டன. இம்மூன்று சொற்களையும் கோலார் தங்கவயல் என்னும் ஒரு குறிப்பிட்ட சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தங்கவயலின் மொழிச்சூழல்

கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் அன் சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் சுரங்கத் தொழிலை நடத்தியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீர்மின்சாரம் இங்கு வந்தது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது.

இத்தங்கத்தை எடுத்தவர்களுள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய அண்டை மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் மிகுதி. எழுத்தறிவுக்கான வேட்கை அவர்களிடம் தொடக்கத்திலேயே இருந்தது. அயோத்திதாசரின் மறைவுக்குப் பின் நின்றுபோன 'தமிழன்' இதழ் 1920-களில் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிடப்பட்டமை இதற்குச் சான்று. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் காலத்தில் கல்வியே எஞ்சிய வழியாயிற்று. சுரங்கம் மூடப்பட்டபின் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் இரயிலில் பெங்களூருக்குச் சென்று வேலை பார்த்துத் திரும்புகின்றனர்.

இங்குள்ள மாணவனைச் சுற்றித் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகளும் வழங்குகின்றன. மில், ஷாஃப்ட், லைன் முதலிய சுரங்கச் சொற்கள் பேச்சில் தமிழாகவே ஆகிவிட்டன. 'சயனைடு' என்பது பிறவிடங்களில் பாடநூலிலும் செய்தியிலும் மட்டும் எதிர்ப்படும் சொல். தங்கவயலிலோ அது ஊரின் நிலவடிவத்தைக் குறிக்கும் சொல். தங்கம் பிரித்தபின் எஞ்சிய கழிவு, சயனைடு மேடுகளாகக் குடியிருப்புகளுக்கு அருகே குவிந்துள்ளது. அதன் அளவு மூன்று கோடி டன்னுக்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. ஒலிபெயர்ப்புச் சொல் மாணவனுக்கு அந்நியமானது என்னும் பொதுக் கருத்து இடத்துக்கு இடம் மாறக்கூடியது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கர்நாடகப் பாடநூல் சங்கம் கன்னடம், ஆங்கிலம், உருது, மராத்தி, தெலுங்கு, தமிழ் முதலிய மொழிகளில் பாடநூல்களை வெளியிடுகிறது. அதன் தமிழ்ப் பாடநூலை மொழிபெயர்ப்பவர் தமிழ்நாட்டு வழக்கு, கன்னட வழக்கு, ஆங்கில மூலம் ஆகிய மூன்றுக்கும் இடையில் நிற்கிறார். மாணவனோ பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் பிரிவில் சேர்ந்தால் பெரும்பாலும் ஆங்கிலவழிக்கு மாற வேண்டியவன். ஆகவே தமிழ்ப் பாடநூல் அவனுக்கு ஒரு பாலமாகவும் அமைய வேண்டியுள்ளது.

3. சயனைடு முறையும் மூன்று தளங்களும்

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியல் கல்வி அறிஞர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1982-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் பேசப்படுகிறது: கண்ணால் காணும் பொருள், காண முடியாத அணுவும் மூலக்கூறும், தாளில் எழுதும் குறியீடு. வல்லுநர் இம்மூன்றுக்குமிடையே தம்மை அறியாமலே தாவுகிறார். புதிதாகக் கற்பவனால் அவ்வாறு தாவ இயலுவதில்லை. இக்கருத்து மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நேரடித் தொடர்புடையது. ஏனெனில் ஒரு சொல் எந்தத் தளத்தில் நின்று பேசுகிறது என்பதை அகராதி காட்டுவதில்லை.

தங்கவயலில் கையாளப்பட்ட சயனைடு முறை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தரும் பாரஸ்ட் சகோதரர்களும் 1887-இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற முறை இது. பொடியாக்கிய பாறையைச் சோடியம் சயனைடின் மிக நீர்த்த கரைசலுடன் சேர்த்துக் காற்றுப்படச் செய்வர். நான்கு தங்க அணுக்கள், எட்டு அலகு சோடியம் சயனைடு, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறுகள் ஆகியவை வினைபுரிந்து, நீரில் கரையும் ஒரு தங்கச் சேர்மமும் சோடியம் ஹைட்ராக்சைடும் உண்டாகின்றன. கரைசலை வடித்தெடுத்துத் துத்தநாகத் தூளைச் சேர்த்தால் தங்கம் மீண்டும் உலோகமாகப் படிகிறது. இம்முறை முழுவதிலும் சுண்ணாம்பு சேர்த்துக் கரைசலின் காரத்தன்மை காக்கப்படும். அமிலத்தன்மை மேலோங்கினால் கொடிய நச்சு வாயுவான ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும்.

கரைதல், காரம், ஆக்சிஜனேற்றம் ஆகிய மூன்று கருத்துகளும் இம்முறையில் அடங்கியுள்ளன. ஊரின் வாழ்வாதாரமாக விளங்கிய ஒரு செயல்முறையைத் தமிழ்ப் பாடமொழி எவ்வளவு தெளிவாகச் சொல்லவல்லது என்று காண்பது அம்மொழிக்கு உரிய சோதனையாகும்.

4. கரைதல்

'கரை' என்னும் வினையின் அன்றாடப் பரப்பு அகன்றது. உப்பு நீரில் கரைகிறது, சோப்பு கரைகிறது, பேச்சு வழக்கில் ஐஸ் கரைகிறது, திறந்து வைத்த கற்பூரம் கரைகிறது, கையிருப்புப் பணம் கரைகிறது, மனமும் கரைகிறது. வேதியியல் நோக்கில் உப்புக் கரைவது கரைசலாதல். ஐஸ் கரைவது உருகுதல். கற்பூரம் கரைவது பதங்கமாதல். இவற்றுடன் பாடநூல் நான்காவது பொருளையும் சேர்த்துவிடுகிறது: துத்தநாகம் அமிலத்தில் கரைகிறது, தங்கம் சயனைடில் கரைகிறது. இது வேதிவினை.

இவ்வழக்குகள் அனைத்துக்கும் பொதுவான பொருட்கூறு 'வடிவிழந்து சிறிது சிறிதாக இல்லாமற் போதல்' என்பதாகும். கரைந்த பொருள் மறைந்துவிடுகிறது, ஆகவே எடையும் குறைகிறது என்னும் தவறான எண்ணம் பல நாடுகளின் மாணவரிடமும் உண்டு என்பதை வேதியியல் கல்வி ஆய்வுகள் காட்டியுள்ளன. தமிழில் அந்த எண்ணத்துக்குச் சொல்லே துணைநிற்கிறது. பணம் கரைந்தது என்றால் பணம் இல்லை என்றே பொருள். தங்கம் கரைந்தது என்றால் தங்கம் அழியவில்லை, கரைசலில் உள்ளது என்று மாணவன் உணர வேண்டும். சுரங்கத் தொழிலின் இலாபம் முழுவதும் அந்த ஓர் உண்மையையே நம்பியிருந்தது.

இலக்கண நோக்கில் ஒரு வேறுபாட்டைக் காட்டலாம். கலைச்சொல்லாகிய 'கரைதல்' இரண்டு பங்கேற்பிகளை வேண்டும் வினை: எது, எதில் என்னும் இரு வினாக்களுக்கும் விடை வேண்டும். ஐஸ் கரைந்தது என்னுமிடத்தில் 'எதில்' என்னும் வினா எழுவதில்லை. இச்சோதனை உருகுதலைப் பிரித்துவிடும். ஆயினும் கற்பூரம் 'காற்றில்' கரைந்தது என்று சொல்ல இயலுவதால் இது மட்டும் போதாது. கரைசலை வற்றவைத்தால் அதே பொருள் திரும்பக் கிடைக்குமா என்பது இரண்டாவது சோதனை. உப்புக் கரைசல் உப்பைத் தரும். துத்தநாகம் 'கரைந்த' அமிலம் துத்தநாகத்தைத் தராது. இவ்விரண்டாம் சோதனையைப் பாடநூலின் வாக்கியமே தாங்கலாம். 'தங்கம் சயனைடில் கரைகிறது' என்பதற்கு மாறாக, 'தங்கம் சயனைடுடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து, நீரில் கரையும் சேர்மமாக மாறுகிறது' என்று எழுதினால் வினையும் கரைதலும் தனித்தனியே தெரியும். சொல் மாறவில்லை, அது நிற்கும் இடம் மட்டும் மாறியுள்ளது.

5. காரம்

தமிழ்நாட்டுப் பாடநூல் மரபில் அமிலத்துக்கு எதிர்ச்சொல் 'காரம்'. மிளகாயின் சுவைக்கும் இதுவே பெயர். மிளகாய் காரப்பொருளா என்று மாணவன் கேட்டால் அது அறியாமையன்று. மொழியறிவிலிருந்து எழும் வினாவாகும். பழந்தமிழ் மருத்துவத்திலும் பொற்கொல்லர் தொழிலிலும் வழங்கும் பெயர்கள் சிக்கலை மேலும் வளர்க்கின்றன. பொற்கொல்லர் பற்றவைப்புக்குப் பயன்படுத்தும் வெண்காரத்தின் கரைசல் காரத்தன்மை உடையது. படிகாரத்தின் கரைசலோ அமிலத்தன்மை உடையது. படிகாரம் என்னும் சொல்லின் தோற்றம் எதுவாயினும், கேட்பவன் காதில் அதன் ஈறு காரம் என்றே ஒலிக்கிறது.

அண்டை மரபுகளுடன் ஒப்பிடுகையில் வேறொரு குறைபாடு தெரிகிறது. நீரில் கரையும் காரம், கரையாத காரம் என்னும் வேறுபாடு வேதியியலில் அடிப்படையானது. இலங்கைத் தமிழ் மரபு பொதுப்பெயரை 'மூலம்' என்றும், நீரில் கரைவதைக் 'காரம்' என்றும் பிரிக்கிறது. கன்னடம் முன்னதைப் 'பிரத்தியாம்ல' என்றும் பின்னதை 'க்ஷார' என்றும் வழங்குகிறது. தமிழ்நாட்டு வழக்கிலோ காரம் என்பது பொதுப்பெயர். 'கார உலோகம்' போன்ற தொடர்களில் அதுவே சிறப்புப் பொருளையும் தாங்குகிறது.

மொழிபெயர்ப்பாளருக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கன்னட 'க்ஷார' என்பதும் தமிழ்க் 'காரம்' என்பதும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள். வடிவ ஒற்றுமையை நம்பிக் கன்னடப் பாடநூலின் 'க்ஷார'வைக் 'காரம்' என்று பெயர்த்தால் சிறப்புப் பொருள் பொதுப்பொருளாக விரிந்துவிடும். எல்லாக் காரமும் நீரில் கரையும் என்னும் பிழையான விதியை மாணவன் கற்பான். ஒரே மூலத்திலிருந்து வந்து பொருட்பரப்பில் வேறுபட்ட சொற்கள் அயற்சொற்களைவிட ஏமாற்றக்கூடியவை.

இலங்கை மரபே சிறந்தது என்று முடிவு செய்வதும் அவசரமாகும். அங்குத் தனிமத்தை 'மூலகம்' என்பர். மூலம், மூலகம், மூலக்கூறு என மூன்று அடிப்படைக் கருத்துகள் ஒரே அடிச்சொல்லைச் சுற்றி நெருங்கி நிற்கின்றன. தமிழ்நாட்டின் 'தனிமம்', 'சேர்மம்' என்னும் இணை இதைவிடத் தெளிவானது. ஆகவே ஒரு மரபை முழுமையாக ஏற்பதோ விலக்குவதோ பொருந்தாது. ஒவ்வொரு சொல்லையும் அதன் குடும்பத்துடன் வைத்தே மதிப்பிட வேண்டும்.

6. ஏற்றம்

சொல்லின் உறுப்புகளிலிருந்தே பொருள் விளங்க வேண்டும் என்பது கலைச்சொல்லாக்கத்தில் பெரிதும் போற்றப்படும் நெறி. ஆயினும் பொருள் விளங்கும் சொல் தவறான பொருளையும் விளக்கிவிடக்கூடும். கன்னடத்தில் ஆக்சிஜனுக்கு 'ஆம்லஜனக' என்று பெயர். 'அமிலத்தைத் தோற்றுவிப்பது' என்பது அதன் பொருள். இது லவாய்சியே வைத்த பிரெஞ்சுப் பெயரின் நேர்பெயர்ப்பு. அமிலங்கள் யாவற்றிலும் ஆக்சிஜன் உண்டு என்று அவர் கருதினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது 1810-இல் ஹம்ப்ரி டேவியின் ஆய்வால் தெளிவாயிற்று. ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசும் மாணவனுக்கு அப்பழைய பிழை கிரேக்க வேர்ச்சொல்லுக்குள் மறைந்துள்ளது. நேர்பெயர்ப்பு அதை வெளிக்கொணர்ந்துவிட்டது. இவ்வகையில் தமிழின் ஒலிபெயர்ப்பு மாணவனுக்கு நன்மையே செய்கிறது.

'ஆக்சிஜனேற்றம்' என்னும் தமிழ்ச்சொல்லோ இதே இடரில் சிக்குகிறது. ஆக்சிஜனைச் சேர்த்தல் என்பது அதன் வெளிப்படைப் பொருள். தொடக்க வகுப்பில் அது பொருந்தும். உயர்வகுப்பில் இலத்திரனை, அதாவது எலக்ட்ரானை, இழத்தல் என்று கருத்து விரிகிறது. சயனைடு முறையின் முதற்படியில் ஆக்சிஜன் உண்மையாகவே பங்கேற்கிறது. தங்கம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்றால் மாணவன் தயங்கான். இரண்டாம் படியில் துத்தநாகம் எலக்ட்ரான்களை இழந்து தங்கத்தை வெளியேற்றுகிறது. அங்கு ஆக்சிஜனுக்கு இடமில்லை. எனினும் துத்தநாகமும் ஆக்சிஜனேற்றம் அடைந்தது என்றே சொல்ல வேண்டியுள்ளது. ஒரே செயல்முறையின் இரு படிகளில் சொல் ஒருமுறை உண்மையும் மறுமுறை முரணும் பேசுகிறது.

ஆங்கிலச் சொல்லுக்கும் இக்குறை உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் வாயுவின் பெயர் முழுமையாகச் சொல்லுக்குள் நிற்பதில்லை. இலங்கைத் தமிழின் 'ஒட்சியேற்றம்' இதைப் பின்பற்றி 'ஒட்சிசன்' என்பதன் ஒரு பகுதியை மட்டும் கொள்கிறது. அதன் இணைச்சொல் 'தாழ்த்தல்' ஆதலின் ஏற்றம், தாழ்த்தல் என எதிர்மையும் தெரிகிறது. ஆக்சிஜனேற்ற எண் உயர்வதும் தாழ்வதும் அச்சொற்களுடன் இயைகின்றன. தமிழ்நாட்டின் 'ஒடுக்கம்' என்னும் இணைச்சொல் ஏற்றத்துக்கு எதிர்ச்சொல்லாக மாணவனுக்குத் தோன்றுவதில்லை. நிலைபெற்ற வழக்கை மாற்றுவது எளிதன்று. எனினும் சொல்லின் பொருள் விரியும் வகுப்பிலேயே 'ஆக்சிஜன் இல்லாமலும் ஆக்சிஜனேற்றம் நிகழும்' என்று பாடநூல் வெளிப்படையாகக் கூறலாம்.

7. தொடரமைப்பு

சொல்லோடு சிக்கல் முடிவதில்லை. தமிழில் பெயரெச்சத் தொடர் தான் விளக்கும் பெயருக்கு முன்னே வரும். ஆங்கில வாக்கியத்தின் கிளைகளை ஒரே தமிழ் வாக்கியத்தில் அடக்கினால் முடிவில் வரும் பெயருக்காக மாணவன் நெடுந்தொலைவு காத்திருக்க நேரும். எடுத்துக்காட்டாக ஒரு தொடரை இங்கு அமைத்துக் காட்டலாம்: 'நீர்த்த அமிலத்துடன் துத்தநாகம் வினைபுரியும்போது வெளிப்படும் நிறமற்ற வாயு நிரம்பிய சோதனைக்குழாயின் வாயருகே கொண்டுசெல்லப்படும் எரியும் குச்சி ஒலியுடன் அணைகிறது.' இலக்கணப் பிழை இதில் இல்லை. ஆயினும் அமிலம், உலோகம், வாயு, குழாய், குச்சி ஆகிய ஐந்தையும் நினைவில் சுமந்தபின்னரே வினைமுற்று கிடைக்கிறது. 'நீர்த்த அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளை இடுக. நிறமற்ற வாயு வெளிப்படும். எரியும் குச்சியைக் குழாயின் வாயருகே கொண்டுசெல்க. ஒலியுடன் குச்சி அணையும்' என்று நிகழ்ச்சி வரிசையில் அமைத்தால் கருத்து ஒன்றும் குறைவதில்லை.

ஒலி ஒற்றுமையும் கருதத்தக்கது. 'வினைபடுபொருள்', 'விளைபொருள்' என்னும் எதிரெதிர்க் கருத்துகளின் முதற்சொற்கள் னகர ளகர வேறுபாட்டால் மட்டுமே பிரிகின்றன. வகுப்பறையின் ஓசைக்கிடையே பலமொழிச் சூழலில் வளர்ந்த மாணவன் இவற்றைக் காதால் பிரித்தறிவது கடினம்.

8. மறுப்புகள்

சூழலே பொருளை உணர்த்திவிடும் என்பது ஒரு மறுப்பு. சூழலை ஏற்கெனவே அறிந்தவருக்கே சூழல் பொருள் உணர்த்தும்; மாணவன் அச்சூழலைக் கற்கவே வந்துள்ளான்.

ஆங்கிலவழிக்கு மாறினால் சிக்கல் தீரும் என்பது மற்றொன்று. பெற்றோர் இதை நம்புவதற்கு மேற்படிப்பும் பெங்களூர் வேலைவாய்ப்பும் தக்க காரணங்களாக உள்ளன. ஆயினும் காசல்ஸ், ஜான்ஸ்டன் ஆகியோர் 1980-களில் பிரிட்டனில் நிகழ்த்திய ஆய்வுகள் வேறொரு செய்தியைத் தருகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரே, கலைச்சொல் அல்லாத பொதுச்சொற்கள் அறிவியற் பாடத்தில் வரும்போது அவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டனர். கரைதலைக் குறிக்கும் ஆங்கில வினையும் சேர்மமாதலையும் கரைசலாதலையும் ஒருங்கே குறிக்கிறது. மொழி மாறினால் இடர் மறையாது. அதைத் தன் மொழியில் கேட்கும் வாய்ப்பே மாணவனுக்குக் குறையும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பாடநூல் மொழிபெயர்ப்புக்குப் பயன்படும் சில கருத்துகளைத் தொகுக்கலாம். பள்ளிக் கலைச்சொற் பட்டியலில் புதிய சொற்களுடன், கலைச்சொல்லாக வழங்கும் பொதுச்சொற்களும் இடம்பெற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அன்றாடப் பொருள், அதிலிருந்து பாடப்பொருள் விலகும் இடம், எதிர்ச்சொல், அது ஏற்கும் வேற்றுமைத் தொடர் ஆகியவை தரப்பட வேண்டும். அச்சொல் காணும் பொருளைக் குறிக்கிறதா, அணுவைக் குறிக்கிறதா என்பதும் சுட்டப்பட வேண்டும். பன்மொழி மாநிலங்களில் அண்டை மொழியின் ஒத்த வடிவமும் அதன் பொருள் எல்லையும் சேர்க்கப்பட வேண்டும். பட்டியலை மதிப்பிடுவோர் சொல்லின் பிறப்பை ஆராய்வதோடு, அது நிற்கும் வாக்கியத்தையும் மாணவர் முன் வைத்துச் சோதிக்க வேண்டும்.

இத்தகைய தெளிவு தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. சயனைடு மேடு என்னும் பெயரைக் கேட்பவர் அது முழுவதும் சயனைடு என்றே கருதக்கூடும். அதன் பெரும்பகுதி பொடியாக்கப்பட்ட பாறை; செயல்முறையின் பெயரே கழிவுக்கு ஆகிவந்துள்ளது. காற்றில் பறக்கும் அத்தூளில் சயனைடைத் தவிர அஞ்சத்தக்கது வேறு உண்டா, நுண்ணிய சிலிக்காத் தூள் நுரையீரலை என்ன செய்யும், மேட்டில் எஞ்சிய தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்க முற்பட்டால் எந்தக் கரைசல் ஊருக்குள் வரும் என்னும் வினாக்கள் தங்கவயல் மக்களின் உடல்நலத்தைச் சார்ந்தவை. அவ்வினாக்களைத் தன் மொழியில் பிழையின்றிக் கேட்க ஒரு பத்தாம் வகுப்பு மாணவனால் இயலுமாயின், தமிழ்வழி வேதியியல் பாடநூல் தன் கடமையைச் செய்ததாகக் கொள்ளலாம்.